பெட்ரோல் இட்லி

வன்னியராஜும் பொன்செல்வியும் பேச்சை நிறுத்திய நாளிலிருந்து திருவனந்தபுரம் சாலை பஜாரில் அதிகம் பேசியவன் நான்தான்.

அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. மண்டியின் பின்சந்தில் வன்னியராஜின் பட்டறை. பட்டறையை ஒட்டியே அவனும் மனைவி பொன்செல்வியும் குடியிருக்கிற வீடு. பழைய குத்துவிளக்கு, தராசு, சுவர்க்கடிகாரம், கப்பல் விளக்கு என்று எதைக் கொண்டுவந்து போட்டாலும் கழற்றித் துடைத்து, கோவளத்து ரிசார்ட்காரர்கள் கொத்திக்கொண்டு போகிற மாதிரி மினுக்கித் தருவான். நான் டீ குடிக்கப் போகிற இடம் அதுதான். போன இடத்தில் இந்த உபரி உத்தியோகம் வாய்த்தது.

“சாமி, சோறு ஆறுதுன்னு அங்கிட்டுச் சொல்லுங்க” என்பாள் பொன்செல்வி.

‘அங்கிட்டு’ நாலடி தூரத்தில் குந்தியிருந்து பித்தளை தேய்த்துக்கொண்டிருக்கும்.

“சோறு ஆறறதாம்.”

“வாரேன்னு சொல்லுங்க சாமி.”

“வராராம்.”

“எனக்கென்ன காது செவிடான்னு கேளுங்க.”

அதையும் கேட்பேன். கேட்காவிட்டால் டீ வராது.

என் முழுப்பெயர் அனந்தபத்மநாபன். நான் குடியிருக்கிற வலியசாலையில் அந்தப் பெயரைக் கூவினால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும் என்பதால் பஜாரில் நான் வெறும் சாமி. வீட்டில் அந்த மரியாதையும் இல்லை. மனைவி லலிதாம்பாளுக்கு நான் ‘இங்கே பாருங்கோ’.

பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு பெட்ரோல் பம்ப்.

கழக்கூட்டம் பகுதியில் ஐ.டி. பிள்ளைகள் மொய்க்கிற இடத்தில் ஷீஜா என்றொரு பெண் காபிக்கடை திறக்கப்போகிறாள். அவளுடைய அப்பூப்பன், அதாவது தாத்தா, ஆற்றிங்ஙல் பக்கம் நடத்திய பெட்ரோல் பங்கில் நின்ற பம்ப் அது. இப்போதைய பம்ப் போல எண் ஓடுகிற பெட்டி இல்லை. ஆளைவிட உயரமான இரும்புத் தூண், தூணின் தலையில் மூன்றடிக்கு ஒரு கண்ணாடி உருளை, அதற்கும் மேலே வெள்ளைக் கண்ணாடியில் ஓர் உருண்டை விளக்கு. பக்கவாட்டுக் கைப்பிடியை முன்னும் பின்னும் அடித்தால் பெட்ரோல் தரைக்கடியிலிருந்து உருளைக்குள் ஏறும். எத்தனை காலன் என்று வண்டிக்காரன் கண்ணால் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகு குழாய் வழியாக வண்டிக்குள் இறங்கும். இப்போது உருளை முழுக்கப் பழைய பெட்ரோலின் கறை, கடுங்காப்பி நிறத்தில். கடை திறப்பதற்குள் அது பளிங்காக வேண்டும். “அண்ணா, வேற கண்ணாடி எவிடயும் கிட்டாது கேட்டோ. இது பொட்டினால் அப்பூப்பன் போனதுபோல” என்று, இது உடைந்தால் தாத்தாவே போனது போல என்பதை மலையாளத்தில் சொல்லி இறக்கிவிட்டுப் போனாள்.

வன்னியராஜ் முதலில் உருண்டை விளக்கைக் கழற்றினான். அது உட்கார்ந்திருந்த பித்தளை வளையத்தில் பெட்ரோல் பிசின் ஏறியிருந்தது. சலவைச் சோடாக் கரைசலில் போட்டு நெடுநேரம் காய்ச்ச வேண்டும். அந்த அகலத்துக்குப் பாத்திரம் தேடினான். அளவெடுத்து அடித்தது போல அந்த வளையம் ஓரிடத்தில் பொருந்தியது. பொன்செல்வியின் செம்பு இட்லிக் கொப்பரையில்.

காய்ச்சி முடித்துக் கொப்பரையைப் புளி போட்டுத் தேய்த்து, கவிழ்த்து, யோக்கியனைப் போல வைத்துவிட்டான். மூடியைத் தேய்க்க மறந்தான்.

மறுநாள் சங்கரன்கோவிலிலிருந்து பொன்செல்வியின் அண்ணன் தளவாய், தன் மகன் கல்யாணத்துக்கு அழைக்கக் குடும்பத்தோடு வந்து இறங்கினார். பொன்செல்வியின் இட்லி பஜாருக்கே தெரியும். விடிகிற நேரத்தில் மூட்டை இறக்குகிற சுமட்டுக்காரர்கள் அவள் வாசலில் வரிசை நிற்பார்கள். அண்ணனுக்கென்று தனியாக மாவு ஆட்டி வைத்திருந்தாள். அடுப்பில் வைத்தாள். ஆவி ஏறி மூடியில் முட்டியது. மூடி தன்னிடமிருந்த மணத்தை ஆவியோடு கீழே அனுப்பியது.

தளவாய் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். யோசித்தார்.

“இட்லி நல்லா ஓடுது தங்கச்சி. லிட்டருக்கு எம்புட்டு?”

வந்தவர்கள் சிரித்தார்கள். வாசலில் நின்ற சுமட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குப் பெட்ரோல் இட்லி என்று பெயர் விழுந்தது. அன்றே அடுப்படியில் மூடியை முகர்ந்து பார்த்தாள்; கொப்பரையைப் பரணேற்றினாள், பேச்சையும் நிறுத்தினாள். சுமட்டுக்காரர்கள் பக்கத்துத் தெருப் புட்டுக்கு மாறினார்கள்.

கல்யாணம் நெருங்கியபோது என்னைக் கூப்பிட்டாள்.

“சாமி, சனிக்கிழமை தென்காசி பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட் போடணும்.”

“ரெண்டுன்னா?”

“ஒண்ணு. போகதுக்கு மட்டும்.”

“வரதுக்கு?”

“அத அங்க போய்ப் பாத்துக்கிடலாம். அங்க இட்லிக் கொப்பரையில இட்லி மட்டும் அவிக்கிற வீடு எங்க அண்ணன் வீடு.”

பேக்கைக் கட்டிக் கதவோரம் வைத்தும் விட்டாள். பட்டறைக்குள் போக வர வன்னியராஜ் அதைத் தாண்டித்தான் நடந்தான். நான் டிக்கெட் போடவில்லை. கேட்டபோதெல்லாம் ‘சர்வர் கிடைக்கலை’ என்றேன். அரசு அலுவலகங்களில் நின்று நின்று கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது.

வெள்ளிக்கிழமை மதியம் ஷீஜா போனில் கூப்பிட்டாள். மறுநாள் காலையில் வண்டி வருமாம். கண்ணாடி இன்னும் பம்பின் தலையில்தான் இருந்தது. உதவிக்கு இருக்கிற செல்வின், ஊர்க் கோயில் திருவிழா என்று குளச்சலுக்குப் போனவன், இன்னும் கொடியிறங்கவில்லை என்று தகவல் அனுப்பியிருந்தான்.

“சாமி, நீங்க ஒரு கை புடிக்கணும்” என்றான் வன்னியராஜ்.

உருளையைக் கீழேயும் மேலேயும் இரண்டு இரும்புத் தட்டுகள் கவ்வியிருந்தன. தட்டுகளை நான்கு கம்பிகள் இழுத்துக் கட்டியிருந்தன. கம்பிகளின் தலையில் நட்டுகள். ஒரு பக்கத்து நட்டை மட்டும் தளர்த்தினால் மேல்தட்டு சாயும், சாய்ந்தால் கண்ணாடியின் விளிம்பு உதிரும். அதனால் எதிரெதிர் நட்டுகளை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கால் சுத்து, மறுபடி கால் சுத்து என்று தளர்த்த வேண்டும்.

இரண்டு ஸ்டூல் போட்டோம். என் கையில் ஸ்பேனரைக் கொடுத்தான். ஏறினேன். “கால் சுத்து” என்றான். முழு பலத்தோடு சுற்றினேன். நட்டு இன்னும் இறுகியது.

அடுப்படி வாசலிலிருந்து குரல் வந்தது.

“சாமி, இறுக்குறதுக்கும் தளத்துறதுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள மேல ஏத்துனா அந்தப் பிள்ளையோட கண்ணாடி போயிரும்னு அங்கிட்டுச் சொல்லுங்க.”

“அந்த ஆளே நான்தான் பொன்செல்வி.”

“அதான் உங்ககிட்டயே சொல்லுதேன்.”

சேலையை இழுத்துச் செருகினாள். கண்ணாடி வளையல்களைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டாள். ஸ்பேனரை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள்.

“ஷீஜாவுக்காகத்தான் ஏறுதேன்னு சொல்லிருங்க.”

“ஷீஜாவுக்காகவாம்.”

“சந்தோஷம்னு சொல்லுங்க.”

என்னைக் கண்ணாடியைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். தட்டு தளர்ந்ததும் உருளை நழுவாமலிருக்க நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஒரு சின்ன ஸ்டூலில் நின்று இரண்டு கையாலும் அணைத்துக் கன்னத்தை அதில் ஒட்டினேன். கல்யாணமான புதிதில்கூட நான் யாரையும் இவ்வளவு பக்தியோடு கட்டிக்கொண்டதில்லை. வலப்பக்கம் மேலே வன்னியராஜ், இடப்பக்கம் மேலே பொன்செல்வி, நடுவில் தபால் ஆபீஸ்.

ஐப்பசி மாதத்துத் துலாமழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அடித்த அடியில் எதிரெதிராக நின்றவர்களுக்கு ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்காது. கேட்டாலும் கேட்டதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

“கால் சுத்துன்னு சொல்லுங்க சாமி.”

“கால் சுத்து.”

“சுத்தியாச்சு.”

“சுத்தியாச்சாம்.”

“அடுத்த கம்பி.”

“அடுத்த கம்பி.”

“இது துருப் புடிச்சிருக்கு, எண்ண வேணும்னு கேளுங்க.”

“எண்ணெய் கேக்கறா.”

எண்ணெய்க் குப்பி என் தலைக்கு மேலே கை மாறியது. வழியில் என் மண்டையிலும் ரெண்டு சொட்டு. இப்படியே நான்கு கம்பியும் பலமுறை சுற்றி வந்தன. மேல்தட்டு மெல்ல முனகியது. அதற்கடியில் காய்ந்து கருவாடாகிப் போன தக்கை வாஷரிலிருந்து தூள் உதிர்ந்து என் மூக்கின் மேல் இறங்கியது.

“கடைசிக் கால் சுத்து. ரெண்டு பேரும் சேந்து. மூணு சொல்லுங்க சாமி.”

வாயைத் திறந்தேன். மூன்று வரவில்லை. தும்மல் வந்துகொண்டிருந்தது.

இந்த மாதிரித் தும்மலுக்கு முன்னால் ஒரு இடைவெளி உண்டு. வாய் திறந்திருக்கும், கண் சொருகியிருக்கும், உலகத்தில் எந்தச் செய்தியையும் எடுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. கை இரண்டும் அப்பூப்பனை அணைத்திருந்தன.

“சாமி?” என்றான் வன்னியராஜ்.

“ஆ... ஆ...” என்றேன்.

“அய்யோ, சாமி தும்மப் போறாரு. பொன்னு, தட்ட அமுக்கிப் புடிட்டி.”

“புடிச்சிட்டேன். நீங்க அந்த நட்டத் தொடாதிய.”

“தொடல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையக் குடு.”

“குடுத்துட்டேன். உங்க கை எங்க?”

“ஒன் கைக்கு மேலதான் இருக்கு.”

தும்மினேன். பட்டறையில் தொங்கிய விளக்குகள் ஆடின. கண்ணாடி ஆடவில்லை. என் இரண்டு கை போக, இன்னும் நான்கு கை அதைப் பிடித்திருந்தன.

பிறகு என்னைக் கேட்காமலேயே இருவரும் கடைசிச் சுற்றைச் சுற்றினார்கள். தட்டை எடுத்தார்கள். உருளையை நேர்மேலே தூக்கி, குளிப்பாட்டிய குழந்தையை இறக்குவது போல இறக்கி, தங்கள் படுக்கை மெத்தையை விரித்து அதில் கிடத்தினார்கள். ஒரு கீறல் இல்லை.

பொன்செல்வி முகத்தைத் துடைத்தாள்.

“நட்டு விசயம் மட்டுந்தான் பேசுனேன்னு சொல்லுங்க சாமி.”

தபால் ஆபீஸ் மறுபடி திறந்தது.

விளிம்பில் ஒட்டியிருந்த தக்கையை மண்ணெண்ணெய்த் துணியால் ஊறவைத்து ஈர்க்குச்சியால் சுரண்டினார்கள். இரும்பு பட்டால் கோடு விழும். வன்னியராஜ் ஆசிட் பாட்டிலை எடுத்தான். என் வழியாக அது பரணுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. கறைக்கு மண்ணெண்ணெய் நனைத்த பழைய வேட்டித்துணி, அது முடிந்து சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர், கடைசியில் வினிகர். சூடான தண்ணீர் ஆகாது, குளிர்ந்த கண்ணாடி விரிசல் விட்டுப்போகும். வெளிப்பக்கம் சீக்கிரம் வெளுத்தது. உட்பக்கம்தான் பாடு. ஒரு முனையிலிருந்து கை விட்டால் பாதிவரைதான் எட்டும்.

அதனால் ஒரு முனையில் அவன் தரையில் ஒருக்களித்துப் படுத்துத் தோள்வரை கையை உள்ளே விட்டான். மறுமுனையில் அவள். உருளாமலிருக்க இரண்டு பக்கமும் சாக்கு சுற்றிய செங்கல், கூடவே நான். கறை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. முதலில் கடுங்காப்பி, பிறகு பால் காப்பி, பிறகு வெறும் டீ. கண்ணாடி வழியாக இரண்டு கைகள் தெரிய ஆரம்பித்தன. ஒன்று பித்தளைப்பொடி ஏறியது, ஒன்று மாவாட்டிய கை. நடுவில் ஒரு வளையம் மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டு துணிகளும் அங்கே முட்டிக்கொண்டன.

மழை விட்டிருந்தது. வன்னியராஜ் என்னைப் பார்த்தான். பிறகு வாயை உருளையின் முனையில் வைத்தான்.

“பொன்னு.”

குரல் உள்ளே போய்ப் பெரிதாகி, அம்மன் கோயில் மைக் போல மறுமுனையில் இறங்கியது.

“கொப்பரையில போட்டது தப்புத்தான்.”

தப்புத்தான் என்று கண்ணாடியும் ஒருமுறை சொன்னது.

பொன்செல்வி என்னைத் தேடவில்லை. அவளும் வாயை முனையில் வைத்தாள்.

“கொப்பர கெடக்கட்டும். எங்க அண்ணன் லிட்டருக்கு எம்புட்டுன்னு கேட்டப்ப நீங்க சிரிச்சிய.”

“எல்லாரும் சிரிச்சாவ...”

“எல்லாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நாந்தான் வளையத்தப் போட்டுக் காச்சுனேன்னு ஒத்த வார்த்த சொல்லிருந்தா அது உங்க கேலியாப் போயிருக்கும். சொல்லாம அத என் இட்லி மேல போட்டுட்டு, நீங்களும் கூட நின்னு பல்லக் காட்டுனிய. இன்னிக்கும் சுமட்டுக்காரனுவ என்னத்தான் கேலி பண்ணுதானுவ.”

கண்ணாடிக்குள் வன்னியராஜின் கை துணியைப் பிடித்தபடி நின்றுவிட்டது. நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் பார்க்க ஒன்றுமில்லை, ஆனாலும் நல்ல கூரை.

“சாமி, என் போன எடுத்து மச்சானுக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. கையெல்லாம் மண்ணெண்ண.”

போட்டேன். எங்கே வைப்பதென்று தெரியாமல் உருளையின் வாயருகே நீட்டினேன்.

“என்ன மாப்ளே” என்றது தளவாயின் குரல், சங்கரன்கோவில் முழுவதும் பட்டறைக்குள் வந்தது போல.

“மச்சான், அன்னிக்கி இட்லியில பெட்ரோல் மணந்துச்சுல்லா. அது பொன்னு வேலையில்ல. பெட்ரோல் பம்பு வளையத்த நாந்தான் கொப்பரையில போட்டு அவிச்சேன். மூடியக் கழுவல. தெரிஞ்சே சும்மா இருந்துட்டேன்.”

அந்தப் பக்கம் தளவாய் தொண்டையைச் செருமினார்.

“பம்பு வளையத்தையா?”

“ஆமா.”

“அவிச்சீரு?”

“ஆமா மச்சான்.”

“வெந்துச்சா?”

பொன்செல்விதான் முதலில் சிரித்தாள். உருளைக்குள் தலையை வைத்துக்கொண்டு சிரித்ததால் அந்தச் சிரிப்பு இந்த முனை வரைக்கும் வந்து வன்னியராஜின் முகத்தில் அடித்தது. தளவாய் சிரித்து இருமினார். அவர் வீட்டில் யாரோ என்னவென்று கேட்க, அவர் சொல்ல, அங்கே ஒரு வீடே சிரித்தது.

“தங்கச்சி, அப்பம் கல்யாணத்தன்னிக்குக் காலம்பர இட்லி ஒன் பொறுப்பு. அந்தக் கொப்பரையவே கொண்டுவா. மாப்ளே, நீரும் வாரும். அடுப்படிப் பக்கம் மட்டும் வரப்படாது.”

போன் அணைந்தது. பொன்செல்வி மறுபடி கையை உள்ளே விட்டாள்.

“ஏங்க.”

“சொல்லுட்டி.”

“அத இன்னொரு தடவ சொல்லுங்க.”

“எத? கேக்கலியா?”

“கேட்டுச்சு. கண்ணாடி நல்லாச் சொல்லுது. அதுக்குத்தான்.”

“தப்புத்தான்” என்றான். தப்புத்தான் என்றது கண்ணாடி. நடுவிலிருந்த கடைசி வளையக் கறையை இரண்டு துணிகளும் சேர்ந்து துடைத்தன. துடைத்து முடிந்த பிறகும் அந்த இடத்தில் இரண்டு கைகளுக்கும் ஏதோ வேலை இருந்தது போல. நான் எழுந்து போய்ச் சந்தில் யாரும் வருகிறார்களா என்று பார்த்தேன். வருகிறவர்களைப் பற்றி எனக்கு என்ன கவலை என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்குப் போனபோது லலிதாம்பாள் என் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையிலிருந்து வளையல்கள் கிலுங்கின.

“இங்கே பாருங்கோ. இது ஆரோடதாக்கும்?”

“பெட்ரோல் பம்பைக் கட்டிப் பிடிச்சிண்டிருந்தேன்...” என்று ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்லுகிற போதெல்லாம் எனக்கு இந்தச் சங்கடம் உண்டு. அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, “அங்கே தூது போயி ஒண்ணாச் சேத்து வெச்சேளாக்கும். இங்கே என் மிக்ஸி மூணு மாசமாப் பேசாமக் கெடக்கு” என்றாள்.

சனிக்கிழமை காலை வளையல்களோடு பட்டறைக்குப் போனேன். விடிவதற்கு முன்பே எழுந்து புதுத் தக்கை வாஷர் வைத்து, கண்ணாடியை ஏற்றி, கால் கால் சுத்தாக இறுக்கியிருந்தார்கள். என்னைக் கேட்கவில்லை. வேலை போன வருத்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. உருண்டை விளக்கும் மேலே ஏறியிருந்தது. உள்ளே தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

“பச்சத்தண்ணி ஊத்துனா என்ன தெரியப் போவுது” என்று பொன்செல்வி அடுப்படிக்குப் போய்ப் பெரிய அண்டாவோடு வந்தாள். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு குடிக்கக் பதிமுக மரச்சீவல் போட்டுக் கொதிக்க வைக்கிற தண்ணீர், ஆறவைத்தது, ரோஜாப் பூவின் நிறம். உறிஞ்சு குழாயை அண்டாவில் விட்டார்கள். வன்னியராஜ் கைப்பிடியை அடித்தான். பம்ப் இருமியது, செருமியது, காறியது. பிறகு கண்ணாடியின் அடியில் சிவப்பாக ஒரு விரல் உயரம் தெரிந்தது. அடிக்க அடிக்க ஏறியது. கூரை இடுக்கில் வந்த காலை வெயில் அதற்குள் புகுந்து, பட்டறை, விளக்குகள், பொன்செல்வியின் முகம் எல்லாம் ரோஜா நிறமாகிவிட்டன.

“ஏங்க, சாமி பக்கத்துல சொட்டுது, அந்த நட்ட இறுக்குங்க” என்றாள்.

என் சட்டையில்தான் சொட்டியது. அவன் இறுக்கினான். நின்றது.

வண்டியோடு வந்த ஷீஜா வாசலிலேயே நின்றுவிட்டாள். சுமட்டுக்காரர்களும் தலைச்சுமையோடு எட்டிப் பார்த்தார்கள். ஷீஜா உள்ளே வந்து கண்ணாடியைத் தொட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சேச்சி, திறப்புக்கு இதே வெள்ளம் மதி. வேற கலர் வேண்டா” என்றாள். கடை திறக்கிற அன்றும் இதே தண்ணீர் போதுமாம்.

ஒரு சுமட்டுக்காரன் கேட்டான்: “செல்வியக்கா, இதும் பெட்ரோலா?”

பொன்செல்வி பதில் சொல்லும் முன் வன்னியராஜ் வாயைத் திறந்தான். “பெட்ரோலு என் வேல. இட்லி அவ வேல. அன்னிக்கி ரெண்டையும் கலந்தது நான். இனிமே கேலின்னா என்னப் பண்ணு.”

“அப்போ நாளை முதல் இட்டலி உண்டோ?”

“கல்யாணம் போயிட்டு வந்து” என்றாள் பொன்செல்வி.

அந்த ‘வந்து’ என் காதில் விழுந்தது. கதவோரத்தைப் பார்த்தேன். பேக் அங்கேயேதான் இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு பேக். அதற்குப் பக்கத்தில், மூடியோடு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துத் தங்கம் போலாகிவிட்ட கொப்பரை.

ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் போகவில்லை. அண்ணன் ஊரில் இன்னொருமுறை தலைகுனிய முடியாது. வண்டி போனதும் கொப்பரையை அடுப்பிலேற்றி ஒரு ஈடு இட்லி எடுத்தாள். முதல் இட்லி என் முன்னால் வந்தது. கண்ணாடியைப் பார்த்த அதே பார்வையோடு இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

மென்றேன். யோசித்தேன். லிட்டருக்கு எவ்வளவு என்று நாக்கு நுனிவரை வந்தது. பொன்செல்வியின் கையில் கரண்டி இருந்தது. இட்லியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

“இட்லி மட்டுந்தான் மணக்கறது” என்றேன்.

அவள் மூச்சு விட்டாள். பிறகு இடுப்பில் கை வைத்தாள்.

“சாமி, சர்வர் கிடைச்சிட்டா?”

“இப்பதான் கிடைச்சுது.”

“அப்பம் ரெண்டு டிக்கெட் போடுங்க. போக, வர.” கொப்பரையைத் தூக்கி வன்னியராஜின் கையில் கொடுத்தாள். “இத மடியிலதான் வச்சிக்கிட்டு வரணும், கேட்டியளா. கீழ வச்சா பஸ்ஸுல டீசல் மணம் ஏறிரும்.”